வளராத உயரம், வளர்ந்த கர்ப்பப்பை: ஏழே முக்கால் வயதுச் சிறுமியின் நிகழ்வு ஆய்வு

அந்த அம்மா நீட்டிய ரிப்போர்ட்டில் ஒரு வரிக்கு அடியில் யாரோ சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். வலது சினைப்பையில் பல அறைகள் கொண்ட நீர்க்கட்டி, 6.8 செ.மீ., புற்றுக்கட்டியாக இருக்கலாம், அறுவை மருத்துவரைப் பார்க்கவும். இடது சினைப்பை தெரியவில்லை. மேலே வயது என்ற கட்டத்தில் 7 என்று இருந்தது.

இரண்டு நாள் கழித்து மதுரையில் அறுவை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தார்கள். அதற்குள் இன்னொரு தடவை ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று அவர்களுடைய குழந்தை மருத்துவர் என்னிடம் அனுப்பினார். நான் திண்டுக்கல் பக்கம் சிறிய ஊர் ஒன்றில் ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட். குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுத அம்மா சம்மதம் தந்தார். அந்தச் சிவப்புக் கோட்டை நம்பி நேரே போயிருந்தால் ஒரு சினைப்பை போயிருக்கும். அதை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வந்த கதை

குழந்தைக்கு 7 வயது 9 மாதம். இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். நான்கு நாளாக உதிரப்போக்கு. அம்மாவைத் தனியே உட்கார வைத்துக் கேட்டபோதுதான் இது இரண்டாம் தடவை என்று தெரிந்தது. ஐந்து வாரம் முன்னால் உள்ளாடையில் கறையைப் பார்த்தவர், எங்காவது விழுந்து அடிபட்டிருக்கும் என்று நினைத்திருக்கிறார். அப்புறம் வேறொரு பயம் வந்திருக்கிறது. யாராவது பிள்ளையை ஏதாவது செய்துவிட்டார்களோ என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறார். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வயதில் உதிரப்போக்கு என்றால் காயம், வன்கொடுமை, உள்ளே சிக்கிய பொருள், தொற்று எல்லாவற்றையும் விசாரித்து விலக்கிவிட்டுத்தான் பூப்பைப் பற்றிப் பேச வேண்டும். அனுப்பிய மருத்துவர் அதைப் பொறுமையாகச் செய்திருந்தார். குழந்தையிடம் தனியாகவும் பேசியிருந்தார். சந்தேகப்பட ஒன்றும் இல்லை. மார்பு வளர்ச்சி, ஐந்து நிலைகள் கொண்ட டானர் அளவில் மூன்றாம் நிலை. அக்குளிலும் கீழேயும் முடி இல்லை என்று கடிதத்தில் இருந்தது. முடி இல்லை என்ற குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பது எனக்கே ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.

இரண்டாம் தடவை அப்பத்தா பார்த்துவிட்டார். பேத்தி பெரிய மனுசி ஆயிட்டா என்று உளுந்து ஊறப்போட்டிருக்கிறார்கள், தாய்மாமனுக்குப் போன் போயிருக்கிறது. ஆனால் ராத்திரி அதே அப்பத்தா மருமகளிடம், "பால் பல்லே ரெண்டுதான தாயி விழுந்திருக்கு, இவளுக்கு எப்பிடி?" என்று கேட்டு அழுதிருக்கிறார். இந்தக் குடும்பத்தில் முதலில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான் என்று நினைக்கிறேன். அதை அம்மா என்னிடம் சொன்னபோது ஏதோ வழக்கமான புலம்பலைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்னால் மார்பு வளரத் தொடங்கினால் அதை முன்கூட்டிய பூப்பு என்று எடுத்துக்கொண்டு காரணம் தேடுவது வழக்கம். மார்பு வளரத் தொடங்கி முதல் மாதவிடாய் வர ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடம் ஆகும். இடையில் பிள்ளை சடசடவென்று உயரும். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் கவனிப்பது அந்த உயரத்தைத்தான். இந்தப் பிள்ளையிடம் அந்த வரிசையே இல்லை.

ஸ்கேன் அறையில்

எங்கள் காத்திருப்பு அறையில் பெரும்பாலும் கர்ப்பிணிகள்தான் இருப்பார்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்ற போர்டு, சட்டப்படி, எதிர்ச் சுவரில் பெரிதாக இருக்கும். அவர்களுக்கு நடுவே ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் கேட்டும் விடுவார்கள். அதனால் சிறுமிகள் வந்தால் உள்ளே தனி அறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்போம். அது மருத்துவத்தில் சேராத விஷயம் போலத் தெரியும். ஆனால் வெட்கத்தில் சுருண்டு கிடக்கும் குழந்தையின் வயிறு இறுகிப்போய் இருக்கும். படம் சரியாக வராது.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், முதல் ரிப்போர்ட் தடம் மாறியது அங்கேதான். சிறுமிகளுக்கு ஸ்கேன் எப்போதும் அடிவயிற்றின் மேலிருந்துதான். உள்ளே வைத்துப் பார்க்கும் புரோப் இவர்களுக்குக் கிடையவே கிடையாது. பெற்றோர் கேட்கத் தயங்குவார்கள் என்பதால் நானே முதலில் சொல்லிவிடுவேன். மேலிருந்து பார்க்க வேண்டும் என்றால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒலி அலைக்குக் காற்று எதிரி, தண்ணீர் நண்பன். சிறுநீர்ப்பை நிறைந்தால் குடலை மேலே தள்ளிவிட்டு, பின்னால் இருக்கும் கர்ப்பப்பைக்கும் சினைப்பைகளுக்கும் ஜன்னல் திறந்தாற்போல் ஆகும். அளவுக்கு மீறி நிறைந்தாலும் தொல்லை: கர்ப்பப்பை நசுங்கி நீளும், கனம் குறைந்து தெரியும், அளவுகள் பொய் சொல்லும். பிள்ளைக்கு வேறு அவஸ்தை. இந்தக் குழந்தையை முதலில் பார்த்த இடத்தில் அவசரத்தில் சிறுநீர்ப்பை பாதிகூட நிறையாமல் எடுத்திருந்தார்கள். இடது பக்கம் குடல் காற்றில் மறைந்துவிட்டது. தெரியவில்லை என்று நேர்மையாக எழுதியிருந்தார்கள். அதோடு நிறுத்தி, நிறைய வைத்து மறுபடி பார்த்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

முக்கால் மணி நேரம் கழித்துப் படுக்க வைத்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மே மாதக் கடைசி, வெளியே கத்திரி வெயில். குழந்தை முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தது.

கர்ப்பப்பை 6.1 செ.மீ. நீளம். முன்பின் கனம் 2.4 செ.மீ. மேல்பகுதிக்கும் கழுத்துக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று. உட்சவ்வு 5 மி.மீ. கனத்தில் தெளிவான வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

படிப்பவர்களுக்காக ஒப்பிட்டுச் சொல்கிறேன். பூப்புக்கு முந்தைய கர்ப்பப்பை சுண்டுவிரல் மாதிரி இருக்கும்: நீளம் 3 செ.மீ. சுமார், கனம் 1 செ.மீ.யைத் தாண்டாது, மேல்பகுதியும் கழுத்தும் ஒரே பருமன் அல்லது கழுத்தே பருமன். உட்சவ்வு பொதுவாகக் கண்ணில் படாது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜென் வேலை செய்யத் தொடங்கினால் முதலில் மேல்பகுதி பருக்கும். சுண்டுவிரல் பேரிக்காயாக மாறும். நீளம் 3.5, 4 செ.மீ.யைத் தாண்டினால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். எந்த எண்ணில் கோடு போடுவது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம் உண்டு; 3.4 என்பார்கள், 4 என்பார்கள். எனக்கு நீளத்தைவிட வடிவத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம். அளக்கும் கை நடுங்கினால் நீளம் மாறும், பேரிக்காய் வடிவம் மாறாது. பிறந்த குழந்தையைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம்: தாயின் ஹார்மோன் மிச்சம் இருப்பதால் பிறந்த சில வாரங்களுக்குக் கர்ப்பப்பை பெரிதாகவே இருந்து பிறகு சுருங்கும்.

ஆக இந்த எட்டு வயதுகூட நிரம்பாத உடம்பில் வயது வந்த பெண்ணின் கர்ப்பப்பை. சரி, ஈஸ்ட்ரோஜென் பல மாதங்களாக ஓடியிருக்கிறது. எங்கிருந்து?

வலது சினைப்பை 6.6 × 5.2 × 4.8 செ.மீ. மூன்றையும் பெருக்கி 0.523ஆல் பெருக்கினால் கன அளவு வரும்: 86 மி.லி. இந்த வயதுப் பிள்ளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு மி.லி. இருக்கும். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. முன்கூட்டியே ஒருவர் கட்டி என்று எழுதியிருந்தால் நம் கண்ணும் அதையே தேடும். அதை மீறிப் பார்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பல அறைகள் என்று சொல்லப்பட்டவை உண்மையில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்ற தனித்தனி நீர்க்கட்டிகள். ஒட்டி நிற்கும் இரண்டு பலூன்களின் சுவர் ஒரே தடுப்பு மாதிரி தெரியுமே, அதுபோல. மிகப் பெரியது 3.2 செ.மீ. எல்லாவற்றின் சுவரும் மெலிது, உள்ளே தெளிந்த நீர். திடமான பகுதி எங்குமே இல்லை. சுவரில் முளைத்த முடிச்சு இல்லை. டாப்ளரில் ரத்த ஓட்டம் சீராக இருந்தது, சினைப்பை முறுக்கிக்கொள்ளவும் இல்லை.

அப்புறம் இடது பக்கம் போனேன். குடலுக்குப் பின்னால், நிறைந்த சிறுநீர்ப்பை கொடுத்த ஜன்னலில், அதுவும் இருந்தது. 4.4 × 3.4 × 3.0 செ.மீ., 23 மி.லி. சிறியது என்றாலும் அச்சு அதே மாதிரி.

இந்த இடத்தில்தான் கட்டி என்ற எண்ணம் தளர்ந்தது. கட்டி பெரும்பாலும் ஒரு பக்கத்தில் வரும். இரண்டு சினைப்பைகளும் ஒரே மாதிரி, மெல்லிய சுவர் நீர்க்கட்டிகளாகப் பருத்திருந்தால், வெளியிலிருந்து எதோ ஒன்று இரண்டையும் சேர்த்துத் தூண்டுகிறது என்று அர்த்தம். கல்லீரல், அட்ரினல் சுரப்பிகள், சிறுநீரகங்கள் எல்லாம் பார்த்தேன், குறை இல்லை. அடிவயிற்றில் துளி நீர்.

ஏ.சி. குளிரில் நடுங்கிய பிள்ளை

தூண்டுவது மூளையின் கட்டளையாக இருக்கலாம். பெண் குழந்தைகளின் முன்கூட்டிய பூப்பில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை; பெரும்பாலும் காரணமும் அகப்படாது. ஆனால் அதில் சினைப்பைகள் அளவாகத்தான் வளரும், 86 மி.லி. வரை போவதில்லை. அதோடு அந்தப் பிள்ளைகள் உயரமாக இருப்பார்கள். வகுப்பில் கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளைகள்.

நான் ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் வயிற்றுத் தோல் சொரசொரவென்று, மீன் செதில் மாதிரி காய்ந்திருந்தது. மெஷினுக்காக அறையில் ஏ.சி. எப்போதும் ஓடும், குழந்தை பற்கள் அடிக்க நடுங்கியது. அம்மா ஸ்வெட்டரை இழுத்துவிட்டபடி, "இவளுக்கு எப்பவுமே குளிருங்க டாக்டர், சித்திரையிலகூட போர்வை கேப்பா" என்றார். முகத்தை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். கன்னம் ஊதி, இமை கனத்து, கேட்ட கேள்விக்குப் பதில் நான்கு நொடி கழித்து வந்தது.

எடை, உயரம் பார்க்கச் சொன்னேன். 23 கிலோ. உயரம் 107 செ.மீ. ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம்.

அதற்குப் பிறகு அம்மா சொன்னது எல்லாம் ஒரே திசையில் போனது. இரண்டு வருடமாகப் பள்ளிச் சீருடை சின்னதாகவே இல்லை. மலச்சிக்கல், நாலு நாளைக்கு ஒரு தடவை. வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிடுவாள். முதல் வகுப்பில் படபடவென்று வாசித்தவள் இப்போது எழுத்துக்கூட்டுகிறாள், டீச்சர் சோம்பேறி என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் உடைந்தது. நானும் திட்டியிருக்கிறேனே டாக்டர் என்றார். பால் பல் இரண்டுதான் விழுந்திருக்கிறது என்ற அப்பத்தாவின் பேச்சும் அப்போதுதான் என் காதில் மறுபடி ஒலித்தது.

புரோப்பை மாற்றிக் கழுத்தில் வைத்தேன். யாரும் அங்கே ஸ்கேன் கேட்கவில்லை. தைராய்டு சின்னதாக, கருமையாக, மேடு பள்ளமாக இருந்தது. நீண்ட காலம் அழற்சியில் கிடந்து நொந்துபோன சுரப்பியின் தோற்றம். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ரிப்போர்ட்டில் புற்றுக்கட்டி என்ற சொல்லை நான் எழுதவில்லை. இரண்டு சினைப்பைகளிலும் ஹார்மோன் தூண்டலால் வந்த நீர்க்கட்டிகள், கர்ப்பப்பை ஈஸ்ட்ரோஜென் தாக்கத்தில், தைராய்டு குறைபாடு வலுவாகச் சந்தேகம், அறுவைக்கு முன் தைராய்டு பரிசோதனையும் எலும்பு வயதும் கட்டாயம் என்று எழுதி, குழந்தை மருத்துவருக்குப் போனும் போட்டேன். போன் போட்டதுதான் நான் அன்று செய்த உருப்படியான வேலை. தாள் மட்டும் போயிருந்தால், வீட்டில் யாராவது 'நீர்க்கட்டி' என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

ரத்தமும் எலும்பும் சொன்னது

தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 150க்கு மேல், அந்த லேப் மெஷின் அளக்கக்கூடிய உச்சத்தைத் தாண்டிவிட்டது. சாதாரணமாக நான்கு, ஐந்துக்குள் இருக்கும். தைராய்டு ஹார்மோன் கிட்டத்தட்ட இல்லை. தைராய்டை எதிர்க்கும் டி.பி.ஓ. எதிர்ப்பொருள் மிக அதிகம். ஆக உடம்பின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தின்றிருக்கிறது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் கூடுதல். பூப்பைத் தொடங்கி வைக்கும் எல்.எச். என்ற ஹார்மோன் 0.1க்கும் கீழே. ஹீமோகுளோபின் 8.6. சினைப்பைப் புற்றுக்குப் பார்க்கும் ரத்தக் குறியீடுகள் எல்லாம் சரியாக இருந்தன.

இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு வயது 5. மற்ற எல்லா வகை முன்கூட்டிய பூப்பிலும் ஈஸ்ட்ரோஜென் எலும்பை முதிர வைக்கும். எலும்பு வயது உண்மை வயதைத் தாண்டி ஓடும். அதனால்தான் அந்தப் பிள்ளைகள் முதலில் உயர்ந்து, பிறகு சீக்கிரமே நின்றுபோகிறார்கள். பூப்பு முந்தியும் எலும்பு பிந்தியும் இருந்தால் தைராய்டு தவிர வேறொன்றைத் தேட வேண்டியது அபூர்வம்.

இதற்குப் பெயர் வான் விக் – கிரம்பாக் நோய்த்தொகுதி. அமெரிக்காவின் ஜட்சன் வான் விக், மெல்வின் கிரம்பாக் இருவரும் 1960இல் எழுதினார்கள். தைராய்டு குறைந்து வளர்ச்சி நின்ற சிறுமிகளுக்கு மாதவிடாய் வந்ததைப் பார்த்து, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்களுக்குள் ஏதோ ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது என்று அவர்கள் யூகித்தார்கள். இன்று ஏற்கப்படும் விளக்கம் இது. டி.எஸ்.எச்.சும் சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச்.சும் உடன்பிறந்தவை மாதிரி. இரண்டிலும் ஒரு பாதி அப்படியே ஒன்று. தைராய்டு வேலை செய்யாதபோது பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சை மேலும் மேலும் கொட்டுகிறது. அளவு கரைபுரளும்போது அது சினைப்பையில் எஃப்.எஸ்.எச்.சுக்கான பூட்டையும் திறந்துவிடுகிறது. கதவு தவறிப்போன சாவி. சினைப்பை நீர்க்கட்டிகளாகப் பருக்கிறது, ஈஸ்ட்ரோஜென் சுரக்கிறது, கர்ப்பப்பை வளர்கிறது, உதிரம் போகிறது. எல்.எச். தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அட்ரினலுக்கு இதில் பங்கே இல்லை, அதனால் முடி முளைப்பதில்லை. எலும்பு வளரத் தைராய்டு வேண்டும், அது இல்லை, அதனால் உயரமும் இல்லை. கடிதத்தில் இருந்த 'முடி இல்லை' என்ற குறிப்பு இந்த முழுக் கதையின் முதல் வரி.

ஹார்மோன் மருத்துவர் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். பிட்யூட்டரி உப்பியிருந்தது. வருடக்கணக்கில் ஓவர்டைம் பார்த்த சுரப்பி உப்பத்தான் செய்யும். அதையும் கட்டி என்று படித்துத் தலையைத் திறக்கப் போகும் ஆபத்து இந்த நோயில் உண்டு. பார்வையில் குறை இல்லை, தலைவலி இல்லை. மருந்து கொடுத்துக் காத்திருக்கலாம் என்றார்.

மற்ற பிள்ளைகளில் ஸ்கேன் எதற்கு

இதை வைத்து எல்லாருக்கும் தைராய்டு என்று நினைத்துவிடக் கூடாது. என்னிடம் வரும் சிறுமிகளில் அதிகம் வருவது ஒன்றரை, இரண்டு வயதில் மார்பு லேசாகத் தடித்த குழந்தைகள்தான். கர்ப்பப்பை சுண்டுவிரலாக, உட்சவ்வு தெரியாமல், வளர்ச்சி வழக்கம்போல இருந்தால் அது தனித்த மார்பு வளர்ச்சி. தானே அடங்கும், கவனித்து வந்தால் போதும். அந்தப் பெற்றோருக்கு ஸ்கேன் தரும் நிம்மதி பெரிது. ஏழு வயதில் உயரமாக வளர்ந்துகொண்டு, பேரிக்காய்க் கர்ப்பப்பையோடு, இரண்டு சினைப்பைகளும் மூன்று நான்கு மி.லி. என்று வந்தால் மூளையின் கட்டளையைச் சந்தேகிக்கிறேன்; அதை உறுதி செய்வது எல்.எச். பரிசோதனைதான், ஸ்கேன் அல்ல. ஒரே சினைப்பையில் ஒரு பெரிய நீர்க்கட்டி, தோலில் காப்பி நிறத் திட்டு என்றால் மக்யூன் – ஆல்பிரைட் என்ற அரிய நோய்த்தொகுதி. ஒரு பக்கம் திடப்பொருளும் நீருமாகக் கலந்த கட்டி என்றால் அப்போதுதான் அறுவை மருத்துவர் பெயர் ரிப்போர்ட்டில் வர வேண்டும். ஒன்பது மி.மீ.க்குள் சின்னச் சின்ன முட்டைப்பைகள் பூப்புக்கு முந்தைய சினைப்பையிலும் சகஜம். அதைப் பார்த்து பி.சி.ஓ.டி. என்று எழுதிய ரிப்போர்ட்களையும் பார்த்திருக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயரை ஒட்டுவது மனசுக்கு ஒப்பவில்லை.

இன்னொன்று, இந்த வழக்கில் வராதது என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு பக்க மார்பில் மட்டும் காம்புக்குக் கீழே சுண்டைக்காய் அளவு கட்டி என்று பிள்ளையைக் கூட்டி வருவார்கள். அது அரும்பும் மார்பு. இரண்டும் ஒரே நாளில் அரும்புவதில்லை, மாதக்கணக்கில் முன்பின் ஆகும். அதை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் அந்தப் பக்கம் மார்பே வளராது. சந்தேகம் இருந்தால் மார்புக்கு ஒரு ஸ்கேன் போதும். கொழுப்பா, அரும்பா, உண்மையிலேயே கட்டியா என்று தெரிந்துவிடும்.

ஸ்கேன் காட்டுவது ஈஸ்ட்ரோஜென் வந்து போன தடம். யார் அனுப்பினார்கள் என்பதைத் தனியாக அது சொல்லாது. உயரமும் எலும்பு வயதும் பக்கத்தில் இல்லாமல் கர்ப்பப்பையின் அளவை மட்டும் படிப்பது, முகவரி கிழிந்த கடிதத்தைப் படிப்பது போல. இந்தப் பிள்ளைக்குப் பிறகு, என் ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே உயரத்தையும் எடையையும் எழுதுகிறேன். உயரம் பார்க்கும் ஸ்கேல் இப்போது ஸ்கேன் அறைக்கு வெளியே சுவரில் இருக்கிறது.

வீட்டில் நடந்தது

அப்பா வேலைக்குப் போன இடத்திலிருந்து ஓடி வந்திருந்தார். கோழி வாங்கிக் கொடுத்தேன், அதனாலயா என்று கேட்டார். பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்பது ஊர் முழுக்கப் பேச்சு. அந்தக் கோழி சீக்கிரம் வளர்வதற்குக் காரணம் இனத்தேர்வும் தீவனமும். உங்கள் பிள்ளைக்கு வந்தது தைராய்டு, நீங்கள் ஊட்டிய எதனாலும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

சடங்கு பற்றி அப்பத்தாவே கேட்டார். "தண்ணி ஊத்தலாமா, வேணாமா டாக்டரம்மா?" பாட்டி, இது நோயால் வந்த உதிரம், பூப்பு இல்லை, மருந்து சாப்பிட்டால் நின்றுவிடும், உரிய வயதில் உரியபடி வரும், அப்போது ஊரைக் கூட்டிச் செய்யுங்கள் என்றேன். அவர் தாய்மாமனுக்கு அவரே போன் போட்டு, வர வேண்டாம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். எவ்வளவு பெரிய வார்த்தை அது. சொல்லிவிட்ட செய்தியைத் திரும்ப வாங்குவது கிராமத்தில் லேசு இல்லை.

தைராக்ஸின் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கி, சில வாரங்களில் கூட்டினார்கள். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், அரை மணி நேரத்துக்கு வேறெதுவும் சாப்பிடக் கூடாது, இரும்புச் சத்து மருந்துக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தசோகைக்கான மருந்தை இரவுக்குத் தள்ளினார்கள். பூப்பை நிறுத்தும் மாதாந்திர ஊசி தேவைப்படவில்லை, தூண்டுகிறவன் டி.எஸ்.எச்., அதை அடக்கினால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொன்னேன். பருத்த சினைப்பை தன் காம்பிலேயே முறுக்கிக்கொள்ளலாம். திடீரென்று அடிவயிற்றில் கொடிய வலியும் வாந்தியும் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. அதற்கு மட்டும்தான் அவசர அறுவை.

முதல் மூன்று வாரம் எனக்கே நிம்மதி இல்லை. எந்த இரவும் போன் வரவில்லை.

ஆறாம் வாரம் வந்தபோது உதிரம் இல்லை. ஸ்வெட்டரும் இல்லை. மூன்றாம் மாதக் கடைசியில் வலது சினைப்பை 86லிருந்து 5.5 மி.லி., இடது 3 மி.லி. கட்டிகள் என்று சொல்ல ஒன்றுமில்லை. கர்ப்பப்பை 4.6 செ.மீ., உட்சவ்வு முடி போன்ற கோடு. டி.எஸ்.எச். 4.2. கர்ப்பப்பை சினைப்பையை விட மெதுவாகத்தான் சுருங்கும், அதில் பதற வேண்டியதில்லை. பள்ளியில் வாய்ப்பாடு சொன்னாளாம். அம்மா அதை ஸ்கேன் முடிவைவிடப் பெரிதாகச் சொன்னார். ஆறாம் மாத எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரி இயல்பான அளவுக்கு வந்திருந்தது.

ஒன்பதாம் மாதம்: கர்ப்பப்பை 3.7 செ.மீ., சினைப்பைகள் 1.9, 1.6 மி.லி. மார்பு தளர்ந்து அடங்கியிருந்தது. உயரம் 113.5 செ.மீ. ஒன்பது மாதத்தில் ஆறரை செ.மீ. வளர்ந்திருக்கிறாள்.

இழந்த இரண்டு வருட உயரம் முழுக்கத் திரும்புமா என்று அம்மா கேட்டார். முழுக்கத் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. நீண்ட காலம் தைராய்டு இல்லாமல் கிடந்த பிள்ளைகளில் சிலருக்குக் கொஞ்சம் குறைந்தே நிற்கும். மருந்து தொடங்கிய பிறகு உண்மையான பூப்பு சிலருக்குச் சற்றே முந்தித் தொடங்குவதும் உண்டு. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும், தேவைப்பட்டால் எலும்பு வயதும் பார்க்க வேண்டும். ஸ்கேன் இனி அவ்வளவு வேண்டியதில்லை என்று சொல்லி, ரிப்போர்ட்டை எழுதிக் கொடுத்தேன். குழந்தை தண்ணீர் பாட்டிலைப் பார்த்து, அடுத்த தடவை இது குடிக்க வேண்டாமா என்று உடனே கேட்டாள். நான்கு நொடி எடுக்கவில்லை.